அலறலுக்குக் காத்திருந்தவள்

1

இதை வேடிக்கைக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். டிவி பழுதுபார்க்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவான்; அதனாலேயே அவனைக் குட்டை என்போம். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவன். ஞாயிறு மதியங்களில் அவனும், வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தியும், தையல்காரியான ஒருத்தியின் வீட்டில் கூடுவார்கள். மூவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு படம் பார்ப்பார்கள். திரையில் வௌவாலைக் கட்டிய கயிறு கூடத் தெரியும். அப்படியும் வங்கிக்காரி பாதிப் படத்தைத் தலையணைக்குப் பின்னால்தான் கழிப்பாள். சிரிக்க இது போதும் என்று நினைத்தேன்.

பிறகு குட்டை தையல்காரியைப் பற்றிப் போகிறபோக்கில் ஒன்று சொன்னான்: "அன்னிக்கு மட்டும் அவ சத்தத்தைக் கூட்டிக்கிட்டே இருந்தா."

ஏன் என்று கேட்டேன். சொன்னான். அதற்குப் பிறகு வேடிக்கையாக ஒரு வரி கூட வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "அந்த ஞாயிறு மதியம் வானம் இருண்டு கிடக்க"

(இல்லை. நல்ல வெயில். பேய்ப்பட வானத்தை இங்கே எதற்கு இழுக்கிறேன்?)

இரண்டாவது: தையல்காரிக்கு எட்டாம் மாதம். கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து வயிற்றில் அசைவில்லை.

(இதுதான். மற்றதெல்லாம் சுற்றி வளைப்பது.)

தண்ணீர் குடித்தாள். இனிப்பாக எதையோ வாயில் போட்டுக்கொண்டாள். இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள். தையல் மிஷினை வெறுமனே ஓட்டினாள். அந்தக் கடகடப்புக்கு எப்போதும் உள்ளேயிருந்து ஓர் உதை கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டலாமென்று குனிந்தபோது வாசல் மணி அடித்தது. நண்பர்கள் வந்துவிட்டார்கள்.

3

"நல்லா பயமுறுத்துற படமாப் போடு" என்றாள் தையல்காரி.

"உனக்கா? இந்த நிலைமையிலயா?" என்றாள் வங்கிக்காரி.

"எனக்கில்ல."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குத்தான்டி" என்று சமாளித்தாள்.

படத்தில் ஒரு மாளிகை. மெழுகுவத்தியோடு ஒருத்தி படியிறங்கினாள். வயலின் ஏறத் தொடங்கியதும் தையல்காரி ரிமோட்டை அழுத்தினாள். இன்னொரு கை வயிற்றின் மேல். திரையில் இருந்தவள் அலறினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வங்கிக்காரியின் தலையணை முகத்துக்கு ஏறியது. குட்டை ரசித்துத் தலையாட்டினான். தையல்காரி திரையைப் பார்க்கவே இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அலறலுக்கு இன்னும் கூட்டினாள்.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. பக்கத்திலேயே இரண்டு பேர் இருக்கும்போது யாராவது இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? குட்டையிடமும் இதையேதான் கேட்டேன்.

"போன தடவை சொன்னாளே" என்றான். "ஆறாம் மாசம். வாய் திறந்து சொன்னா. உடனே ஓடினோம். வெறுங்கையோட திரும்பி வந்தோம். சொன்னதாலதான் அப்படி ஆச்சுன்னு அவ மனசுல பதிஞ்சுபோச்சு."

அவளைத் திட்டி எழுதியிருந்த வரிகளை அடித்தேன். சொல்லாதவரை அது நடக்கவில்லை. இப்படி நினைத்து நான் பிரிக்காமல் வைத்த கடித உறைகள் இல்லையா? (உங்களிடமும் இருக்கும்.)

5

முடிவு அ: பெரிய அலறலின்போது உள்ளே ஓர் உதை. அவள் சிரித்தாள், அழுதாள், மூவரும் (கை தானாகவே இதை எழுதிவிட்டது. எனக்கு வேண்டியது இது என்பதாலேயே இதை நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: படம் முடிந்து திரைச்சீலையை விலக்கியபோது அவள்

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். குட்டை ரிமோட்டுக்குக் கை நீட்டினான். "கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. குடு." அவள் விடவில்லை. அவன் விளையாட்டாக இழுத்தான். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வங்கிக்காரி தலையணையைக் கீழே இறக்கினாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

திரையில் யாரோ மறுபடி அலறினார்கள்.

"காலையிலேர்ந்து அசையல."

கயிற்று வௌவாலுக்கு நடுங்குகிறவள் அப்போது நடுங்கவில்லை. செருப்பை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, வீங்கிய அந்தக் கால்களில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். "எழுந்திரு" என்றாள். அவ்வளவுதான். குட்டை கையில் வேன் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடினான்.

6

ஆஸ்பத்திரி நடைவழி வரை குட்டை சொன்னான். மேலும் சொல்ல வாயெடுத்தவனை நான்தான் நிறுத்தினேன். முடிவு தெரிந்துவிட்டால் என் ஒவ்வொரு வரியும் அதற்கேற்பச் சாய்ந்துவிடும். முடிவு தெரியாமல் தையல்காரி உட்கார்ந்திருந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "வாங்கம்மா. கூட ஒருத்தர்தான் வரலாம். பொம்பளையா இருந்தா நல்லது."

வங்கிக்காரி எழப் பார்த்தாள். திறந்த கதவைப் பார்த்ததும் மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டை சுவரைப் பார்த்தபடி நின்றான். நான் எழுதுகிறவன், கதவுக்கு வெளியே நிற்கத்தான் லாயக்கு.

கதவை நர்ஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தையல்காரி திரும்பிப் பார்க்கிறாள்.

இதைப் படிக்கிற நீங்கள் போங்கள். அவள் கை ஜில்லென்றிருக்கும். ஒன்றும் சொல்ல வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும்.