இரண்டாவது கார்பனில் ஒரு சிவப்பு உருண்டை

'உயிரின் இனிப்பான ரகசியம், பன்னிரண்டு அடி உயரத்தில், நாளைக் காலை பத்து மணிக்கு நமது வாசலில் திறந்துவைக்கப்படும் என்பதை மனித குலத்துக்கு அறிவிப்பதில் பெருமை கொள்கிறோம்.' ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் சுற்றறிக்கை இப்படித் தொடங்கியது. ரகசியம் என்றது டி.என்.ஏ.வில் உள்ள சர்க்கரையின் இரும்புச் சிலையை.

அன்று மாலை ஆய்வக உதவியாளர் அதை அண்ணாந்து பார்த்தாள். நான்கு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கைகோத்த வளையம், வெளியே துருத்தும் ஐந்தாவது கார்பன், எல்லாம் சரி. இரண்டாவது கார்பனில் மட்டும் வேண்டாத ஒரு சிவப்பு உருண்டை. ஆக்சிஜன். அங்கே அது இல்லாததால்தான் டிஆக்சிரைபோஸ் என்று பெயர். இருந்தால் வெறும் ரைபோஸ், ஆர்.என்.ஏ.வின் சர்க்கரை. ஐந்து பேராசிரியர்கள் மூன்று முறை பார்வையிட்டு, பெயின்ட் மினுமினுப்பு போதாது என்று எழுதியிருந்தார்கள்.

வெல்டருக்குப் படத்தை நகலெடுத்துக் கொடுத்தது அவள்தான், அம்மாவை அடக்கம் செய்த மறுநாள். புத்தகத்தின் எந்தப் பக்கத்தை நகலெடுத்தாள் என்று நினைவில்லை. அன்றிலிருந்து அழுகை வரவில்லை, பசி வரவில்லை. இந்த மாதத்தோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. இயக்குநர் மனம் வைத்தால்தான் நீட்டிப்பு. பயமாவது வந்திருக்கலாம்.

வெல்டரைக் கூப்பிட்டாள்.

"அந்தச் சிவப்ப எடுத்துட்டு, அதோட நுனியில இருக்குற சின்ன வெள்ளைய, ஹைட்ரஜன, நேரா கார்பன்லயே ஒட்டிடுங்க தம்பி."

"நீங்க குடுத்த படந்தானேக்கா?"

"தப்பான படம்."

"போச்சுடா! கண்ணுக்கே தெரியாத சாமானுக்கு இவ்ளோ அலப்பறையா?"

காலை எட்டு மணிக்கு இயக்குநர் வந்தார்.

"எங்க அந்தச் சிவப்பு?"

"அங்க ஆக்சிஜன் வரக் கூடாது சார். தப்பான படத்த நான்தான் குடுத்துட்டேன்."

வேலை போவதை, யாருக்கோ போவதுபோல் நின்று எதிர்பார்த்தாள்.

"பக்கத்துச் சிவப்போட ஜோடியா என்ன அம்சமா இருந்துச்சு! அழைப்பிதழ்ல அப்படித்தாம்மா அச்சாயிருக்கு. அழைப்பிதழ் தப்பாயிடுமா? திரும்ப வைக்கச் சொல்லு."

வெல்டர் பற்றவைக்க, அவள் உருண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூடுக்கா, பாத்து."

கையுறைக்குள் சூடு ஏறியது. தெரிந்தது, வலிக்கவில்லை.

பத்து மணிக்குத் திரை விலகியது. ஓர் அணு கூடினாலும் குறைந்தாலும் உயிர் இல்லை என்று இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் பதினோரு மாதம் நீண்டது. ஆணையில் காரணம்: 'பிழையற்ற பணி.'

ஆக்சிஜன் அங்கேயே இருக்கிறது.