வாத்துப் படம் போட்ட கூண்டு

முதல் கூண்டு முப்பத்தொன்பது மணி நேரம் தாங்கியது. அதைத் தலையில் மாட்டியிருந்தவர் தாங்கவில்லை.

ஆக்சிஜன் முகமூடிகள் தீர்ந்துபோன ஆஸ்பத்திரியும், நீச்சல் டியூப் செய்யும் பொம்மைத் தொழிற்சாலையும் சேர்ந்து செய்த கூண்டு அது: தலையை மூடும் பிளாஸ்டிக் பை, கழுத்தில் ரப்பர் வளையம், பக்கத்தில் காற்றுக்குழாய். வார்டின் இளம் டாக்டர் வரைந்து கொடுத்தாள். டியூப் பிரிவின் மேற்பார்வைக்காரி, எல்லோருக்கும் அக்கா, வெட்டி ஒட்டினாள். வெற்று ஷீட் தீர்ந்துவிட்டதால் இரண்டாவது கூண்டின் ஓரத்தில் வாத்துப் படம்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குக்கா வாத்து?"

"நீந்திக் கரை சேரட்டும்னுதான்."

அன்று இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

காற்று கசியுமா என்று டாக்டர் கேட்டாள். நாற்றம் அடிக்குமா என்று கேட்டாள். பவுடரைப் பற்றி அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஷீட் ஒட்டிக்கொள்ளாமலிருக்க உள்பக்கம் ஒரு பிடி பவுடர் தூவுவது அங்கே கை தானாகச் செய்கிற வேலை. டியூபுக்குள் யாரும் மூச்சு விடுவதில்லை.

இன்று மூன்றாவது கூண்டைக் கொண்டுவந்த அக்கா வார்டுக் கண்ணாடி வழியே பார்த்தாள். வாத்துக் கூண்டுக்குள் ஆம்புலன்ஸ் டிரைவர் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இருமலுக்கும் உள்ளே வெள்ளையாகப் புகைந்தது. படிக்கட்டுக்கு ஓடி தொழிற்சாலை முதலாளிக்குப் போன் போட்டு பவுடர் விஷயத்தைச் சொன்னாள்.

"வாயைத் திறந்துடாதம்மா. அம்பது பொம்பளைங்க வீட்டு அடுப்பு இதை நம்பித்தான் எரியுது. செத்தவரு நோயால செத்தாரு. அடுத்ததுலேர்ந்து கழுவிக்கலாம்."

"உள்ள ஒருத்தரு இருமிட்டிருக்காரு சார்."

முதலாளி போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது டாக்டர் வார்டு வாசலில் நின்றாள். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"முதல் ஆளை நெனச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கக்கா. நீங்க இல்லன்னா அவருக்கு அந்த நேரமும் கெடச்சிருக்காது. டிரைவருக்குத்தான் இருமல் ஏறிட்டே போகுது. நோய் முத்திடுச்சு போல. அதைக் குடுங்க, ஒரு டீச்சர் காத்திருக்காங்க."

கையை நீட்டிக் கூண்டைப் பிடித்தாள். அக்கா விடவில்லை.

"விடுங்கக்கா, கிழிஞ்சிடும்."

"இதைக் கழுவித் தரேன். முதல்ல டிரைவருக்கு மாத்துங்க."

"அவரு போட்டிருக்கறது நல்லாத்தானே இருக்கு? என்னக்கா ஆச்சு உங்களுக்கு?"

அக்காவின் விரல்களில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"உள்ள பவுடர் தூவியிருக்கோம், டாக்டர். மூணுலயும். அந்த முதல் கூண்டுலயும்தான்."