டீக்கனின் பிடி

காட்டுப்பன்றி ஓடும்போது வேட்டைநாய்கள் விட்டுவிட்டுக் குரைக்கும். அது மரத்தடியில் முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றுவிட்டால் குரைப்பு ஒரே சீராக, மூச்சு விடாமல் வரும். டிரினிட்டி ஆற்றோரப் புதருக்குள்ளிருந்து அந்தச் சீரான குரைப்பு அன்று இரண்டாவது தடவை கேட்டபோது, நானும் என் அக்கா லோர்னாவும் டீக்கனை ஓடையில் படுக்கவைத்து வயிற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

டீக்கன் எங்கள் பிடிநாய். மற்ற இரண்டு நாய்களும் குரைத்துப் பன்றியை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். கவ்வுவது டீக்கனின் வேலை. பன்றியின் காதைப் பற்றிவிட்டால், டீக்கனின் கடைவாயில் கட்டையைச் செருகித் திருகினால்தான் வாய் திறக்கும். அந்த நேரத்தில் சுட்டால் குண்டு நாய் மேலும் பாயலாம் என்பதால் நாங்கள் துப்பாக்கி எடுத்துப் போவதில்லை. ஒருவர் பன்றியின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்க வேண்டும். கால் ஊன்றாத பன்றியால் உந்த முடியாது. மற்றவர் முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியை இறக்க வேண்டும்.

காலையில் முதல் பன்றியைப் பிடித்தபோது டீக்கன் உடம்பில் கெட்டித்துணிக் கவசம் இருந்தது. பன்றியின் கோரைப்பல் அதில் வழுக்கிவிடும். ஆனால் நாய்க்கு மனிதனைப் போல வியர்க்காது. சூடு பெரும்பாலும் நாக்கு வழியாகத்தான் இறங்கும். ஜூன் வெயிலில் கவசம் உலைமூடி மாதிரி. ஈறு கருத்து, கால் தள்ளாடியதும் கழற்றிவிட்டோம்.

“இன்னிக்கி இவனுக்குப் போதும். வண்டில ஏத்துடா,” என்றாள் லோர்னா.

எங்களை வரவழைத்த கொல்லைக்காரர் ப்ரூயிட் வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய மக்காச்சோளம் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. “பாதி கொல்லை போச்சு. ஒங்க தொரை குளிச்சு முடிச்சாரா?”

“அவசரம்னா நீங்களே போய்க் காதக் கடிங்க பெரியவரே. பல்லு மிச்சம் இருக்கில்ல?” என்றாள் லோர்னா.

அவர் சிரித்து முடிப்பதற்குள் குரைப்பின் நடுவே ஓர் அலறல் கேட்டது. குரைக்கும் நாய்களில் ஒன்று அடிபட்டிருந்தது. கூப்பிட்டால் அவை வராது. நாங்கள் போய்ச் சேரும்வரை நிற்கவேண்டும் என்றுதான் பழக்கியிருந்தோம்.

டீக்கன் தானே எழுந்து கழுத்து வாரை இழுத்தது.

“கவசத்தப் போடவாக்கா?”

“போட்டா போற வழியிலயே சுருண்டுருவான்.”

“போடலன்னா?”

அவள் வாரை அவிழ்த்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீக்கன் பன்றியின் காதில் தொங்கியது. பெரிய ஆண் பன்றி. தலையை ஒரே ஒரு தடவை கீழிருந்து மேலே வீசியது. நான் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினேன். டீக்கனின் முன்தொடைக்கு உட்புறம் கிழிந்து, ரத்தம் துடித்துத் துடித்து வந்தது.

“அக்கா, டீக்கனப் பாரு.”

“பாத்துட்டேன். கால விட்றாத.”

கத்தி இறங்கியது. பன்றி உடனே சாவதில்லை. அது உதைத்துக்கொண்டிருந்ததால் என்னால் நகர முடியவில்லை. லோர்னா ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டு மறுகையால் கட்டையைச் செருகினாள். கவ்விப் பிடிக்கப் பிடிக்க நாயின் இதயம் வேகமாக அடிக்கும், ரத்தமும் வேகமாகப் போகும். வாயைத் திறந்தாக வேண்டும்.

“விடுறா. முடிஞ்சிருச்சுடா. செல்லம், விடு.”

டீக்கன் அவளைப் பார்த்துக்கொண்டே கவ்வியிருந்தது. தாடை தளர்ந்தபோது கட்டை தானாகக் கீழே விழுந்தது. அவள் விரல்களுக்கிடையே ரத்தம் வருவது நின்றிருந்தது.

அடிபட்ட நாய் கிழிந்த காதோடு எங்களிடம் நொண்டி வந்தது. மற்றதைக் காணவில்லை. சற்றுக் கழித்து, ஆற்று வளைவுக்கு அப்பால் அதன் குரைப்பு கேட்டது. ஒரே சீரான குரைப்பு.

“நம்மகிட்ட வேற பிடிநாய் இல்லக்கா,” என்றேன்.

லோர்னா கத்தியைப் புல்லில் துடைத்தாள். “அங்க குரைக்கிறவனுக்கு அது தெரியாதே. எந்திரி.”