தாய்மாமன் தூக்கிய பீரோ

என் அண்ணன் அசார் பெரிய மூளைக்காரன். இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். தாம்பரம் பிரவுசிங் சென்டரில் ஐ.க்யூ. டெஸ்ட் எழுதி நூற்று நாற்பத்திரண்டு வாங்கினான். அதை லேமினேட் செய்து எங்கள் பர்னிச்சர் கடைக் கல்லாவுக்கு மேலேயே மாட்டினான். நான் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டவள். அதை யாரும் லேமினேட் செய்யவில்லை, ஆனால் தெருவுக்கே தெரியும்.

2006இல் எங்கள் அத்தா ஊரப்பாக்கத்தில் இரண்டாவது கடை போட இடம் பிடித்தார். அசார்தான் பார்ப்பான் என்று வீட்டில் பேச்சு. எனக்கு அந்தக் கடை வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன். "நீ நல்லா சிரிச்சுப் பேசுவே மாஹிரா. யாவாரத்துக்கு அது போதுமா?" என்றார் அத்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் ராஜகீழ்ப்பாக்கம் கனகவல்லி அக்கா, மகள் கல்யாணத்துக்கு ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ எடுத்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வண்டலூரில் மாப்பிள்ளை வீட்டில் இறக்க வேண்டும். வண்டி போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"பாய், கண்ணாடி ஒடஞ்சி கீது. சம்மந்தியம்மா அபசகுனம்னு சொல்லி வாசல்ல குந்திகினு கீறாங்க. நாளைக்குத் தாலி கட்டணும் பாய்!" அக்கா அழுதார்.

பின்னாலேயே எங்கள் ஆட்கள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்கள். அவர்கள் வழக்கத்தில் சீர்சாமானைப் பெண்ணின் தாய்மாமன்தான் உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். பேருக்குக் கை வைத்தாலே போதும். ஆனால் அந்த மாமன், அக்காவின் தம்பி சேட்டு, வீறாப்பாக ஆட்களை விலக்கிவிட்டுத் தானே முன்பக்கம் பிடித்திருக்கிறார். வாசல் நிலையில் இடித்துக் கண்ணாடி விரிசல் விட்டது. மாப்பிள்ளை வீட்டார் அப்போது பின்பக்கம் பந்தலில் இருந்தார்கள். ஓடி வந்தவர்களிடம், கடையிலிருந்தே உடைந்துதான் வந்தது என்று சொல்லிவிட்டார் மனிதர்.

சாமான் இறக்கும்போது போட்டோ எடுக்க வேண்டும் என்பது அசார் போட்ட சட்டம். கேமராவில் எல்லாம் விழுந்திருந்தது. "ப்ரூஃப் இருக்கு!" என்று குதித்தான். மாற்று பீரோவை ஏற்றச் சொல்லிவிட்டு நானும் அவன்கூடவே முன்னால் போனேன்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லாஜிக்கா பாத்தா இதுல எங்க தப்பு எதுவுமே இல்லைங்க," என்று கேமராவைத் தட்டினான் அசார். நான் சேட்டுவைப் பார்த்தேன். முகம் வெளிறிப் போயிருந்தது. கனகவல்லி அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். போட்டோ வெளியே வந்தால் சம்மந்தி வீட்டில் மாமன் மானம் போகும். ரோஷக்காரர், எழுந்து போய்விடுவார். நாளை மணமேடையில் மாமன் முறை செய்ய யார்?

அசாரின் காலை நன்றாக மிதித்தேன். கேமரா என் கைக்கு வந்தது.

"அம்மா, தப்பு எங்களோடதுதான். இது கடையில பார்வைக்கு வெச்சிருந்த பீஸு. பசங்க மாத்தி ஏத்திட்டாங்க. உங்க வீட்டுச் சீர் இன்னும் வரவே இல்லம்மா, இப்பத்தான் வண்டியில வருது."

"இன்னா கடை வெச்சிருக்கீங்க நீங்க? கல்யாண வூட்டுக்கு இப்டியா அனுப்புவாங்க? கண்ணு இல்ல?"

"நல்லாக் கேளுங்கம்மா. எங்களுக்கு வேணும்."

கேட்டார். என் பரம்பரையையே இழுத்துக் கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். வந்தது தங்கள் சீரே இல்லை என்றானதும் அபசகுனமும் இல்லை என்று அந்த அம்மாவுக்கு மெல்ல உறைத்தது. குரல் இறங்கியது. கடைசியில், "வெயில்ல வந்துகீறே, மோராவது குடி," என்றார்.

வண்டி வந்தது. சேட்டு எழுந்தார். "அண்ணா, நீங்க முன்னாடி கை வெச்சு வழி சொல்லுங்க, பசங்க தூக்கட்டும்," என்றேன். மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்தார்.

வழி முழுக்க அசார் பொரிந்து தள்ளினான், கடைக்கு வந்தும் விடவில்லை. "நம்ம பேரக் கெடுத்துட்டா அத்தா! ப்ரூஃப் கையில இருந்துச்சு!" அத்தா என்னை முறைத்தார். ஊரப்பாக்கம் போச்சு என்று அன்று நன்றாக அழுதேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே சேட்டு கடைக்கு வந்தார், தாம்பூலத் தட்டும் மிரட்சியுமாக. "பாய், ஒடச்சது நான்தான். இந்தப் பொண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்காகத் திட்டு வாங்கிச்சு. நேத்து மேடையில நின்னு முறை செஞ்சேன் பாய், இதாலதான்." மேலே பேச முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் போன பிறகு வந்த மாப்பிள்ளையின் அம்மா, தன் தங்கை மகளுக்கும் இதே கடையில்தான் சீர் என்று அறிவித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அத்தா மேசை டிராயரைத் திறந்து ஊரப்பாக்கம் ஷட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அத்தா, அப்ப நான்?" என்றான் அசார்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்லடா," என்றார் அத்தா. "நீ சொன்னபடி செஞ்சிருந்தா அந்தக் கல்யாணம்தான் நடந்திருக்காது."