நாலு மீட்டர்க் கயிறு

கோவிந்தனின் புளியைக் கடைசி லோடாக ஏற்ற, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போயிருந்தேன். எங்களுடையது செங்கத்தில் மூன்று தலைமுறையாக மண்டி வைத்த குடும்பம். மூட்டையைப் பார்த்தால் கிலோ சொல்வேன், முகத்தைப் பார்த்தால் ஆள் எந்த விலைக்குப் படிவார் என்றும் சொல்வேன். அந்தத் திறமையை நம்பித்தான் கோவிந்தன் எனக்கொரு வேலை வைத்தார்.

"மண்டிக்காரரே, எங்க பூவிழிக்கு நீங்களாவது சொல்லுங்க. பத்தாவது பாஸ் பண்ணிட்சி. மலை ஸ்கூல்ல புதுசா கணக்கு குரூப் வந்துக்குதாம், அதுலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. நான் ஃபாரத்துல கையெழுத்துப் போட இன்னிக்கு சாயங்காலந்தான் கடைசி. ஃபிசிக்ஸு, கெமிஸ்ட்ரின்னு போயி ஃபெயிலாயிட்டா இன்னா பண்றது?"

"பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

புளியமரத்தடியில் பூவிழி மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அந்த குரூப்ல அப்டி இன்னா இருக்குது? சாம்பிள் காட்டு. சரக்கு பாக்காம நான் வாங்கறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு முழு மூட்டை, ஒரு அரை மூட்டை. ரெண்டையும் ஒரே நீளத்துல கட்டி ஆட்டினா எது மாமா சீக்கிரம் போய்ட்டு வரும்?"

"கனமானதுதான். இதுக்கு ஸ்கூல் வேற வேணுமா?"

கிளையிலிருந்து மூட்டையின் நடுமையம் வரை ஒரு மீட்டர் வருமாறு அளந்து, என் லோடுமேன் பாலமுருகன் தூக்கிப் பிடிக்க, இரண்டையும் கட்டினாள். விட்டாள். இரண்டும் ஜோடி மாடுகள் போலச் சேர்ந்து போயின, சேர்ந்து வந்தன. தராசுத் தட்டுக்கடியில் காந்தம் ஒட்டும் உலகத்தில் வளர்ந்தவன் நான். எழுந்து போய் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு முடிச்சாகத்தான் இருந்தது. செல்போனில் நேரம் வைத்து எண்ணினோம். நிமிஷத்துக்கு முப்பது ஆட்டம்.

"கயித்த நாலு மீட்டராக்கினா?" என்றாள்.

"நாலு மடங்கு நீளம், கால்வாசி ஆட்டம். ஏழு, மிஞ்சினா எட்டு."

"பதினஞ்சு."

"பாத்துட்டு சொல்லும்மா!"

"பாக்கறதுக்கு முன்னாடிதான் மாமா சொல்லணும்."

பாலமுருகன் முனகிக்கொண்டே உச்சிக்கிளைக்கு ஏறி முழு மூட்டையைக் கட்டினான். அது மெதுவாக, யானை திரும்புவது போல அசைந்தது. கோவிந்தன் வாய்விட்டு எண்ணினார். எட்டைத் தாண்டியபோது நானும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தேன். பதினான்கில் பாலமுருகன் கிளையிலிருந்து குனிந்து பார்த்தான். பதினைந்தாவது ஆட்டம் முடிந்து மூட்டை திரும்பி வந்தது, ஒரு நிமிஷம் முடிந்ததென்று செல்போன் மணியடித்தது.

எத்தனை லோடு இந்த மரத்தடியில் நிறுத்தி எடுத்திருப்பேன். மூட்டை ஆடாத நாள் உண்டா? ஆட்டத்துக்குள் இப்படி ஒரு சட்டம் உட்கார்ந்திருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது பேரத்துக்கு இறங்காத சட்டம். யார் கேட்டாலும் ஒரே விலை.

"சொல்லுங்க மண்டிக்காரரே" என்றார் கோவிந்தன்.

"நீங்களே புள்ளையக் கேளுங்க" என்றேன்.

அவர் மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எட்டு மீட்டர்னா எத்தினிம்மா?"

தரையில் குச்சியால் எழுதினாள். "பத்தரை வரும்பா."

"அவ்ளோ ஒசரத்துக்கு இங்க கிளை ஏது?"

"கிளை இல்லன்னாலும் பத்தரைதாம்பா."

கோவிந்தன் அண்ணாந்து, மரத்துக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை, கேட்காமலே உருவினார்.

"எங்க போடணும்மா?"