என் பெயரில் ஒரு குறட்டை

முதலில் முழங்காலைச் சொல்லிவிடலாம். அது இரண்டு நிமிடம். அப்புறம் குறட்டை, மூன்று நிமிடம் பிடிக்கும். நெஞ்செரிச்சலுக்குப் பழைய மாத்திரைச் சீட்டை மறுபடி எழுதித் தந்தால் போதும், அரை நிமிடம். மீதி நாலரை நிமிடம் இருக்கிறது. அதில் என்னுடையதைச் சொல்லிவிடலாம். நேரம் இருந்தால்.

நேரம் இருந்தால் என்று என்னை அறியாமலே சேர்த்துக்கொண்டேன் பாருங்கள், அந்த இரண்டு வார்த்தையில் என் முழு ஜாதகமும் அடங்கிவிடும்.

எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் வரிசையாகப் பிணைத்த நீல நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். கைப்பைக்குள் என் கணவர் எழுதித் தந்த பட்டியல் இருந்தது. முழங்கால் என் நாத்தனாருடையது. குறட்டையும் நெஞ்செரிச்சலும் என் கணவருடையவை. மூன்றையும் என்னுடையவை என்று டாக்டரிடம் சொல்லப்போவது நான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒன்பது வயது. நான் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கிறேன். துணி வாங்கி, எண் குத்தி, சீட்டுப் போட்டுத் தருவது என் வேலை. ஒரு நாள் நீராவி இஸ்திரிப் பெட்டி பட்டுக் கை வெந்துபோயிற்று. டாக்டரிடம் கிளம்பும்போது கணவர் சொன்னார்: "போறதுதான் போற, எனக்கு நெஞ்சு எரியுது, அதையும் கேட்டுட்டு வந்துடு. நானும் வந்தா ரெண்டு பேருக்குப் பணம் கேப்பாங்க." நான் அதை எனக்கென்று சொன்னேன். டாக்டர் மாத்திரை எழுதினார். கணவர் சாப்பிட்டார், எரிச்சல் அடங்கியது. "ஒரே சீட்டுல ரெண்டு பேருக்கு வைத்தியம் பாத்துட்டா, கெட்டிக்காரி!" என்று தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றுதான். அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது வருஷம் மற்றவர்களின் நோயைச் சுமந்திருக்கிறேன். கழுதைக்காவது பொதி கனம் தெரியும்.

நடிப்பும் கைவந்துவிட்டது. நாத்தனாரின் முழங்காலுக்காக நொண்டிக்கொண்டே உள்ளே போவேன். ஒரு தடவை பழைய டாக்டர், "போன மாசம் இடது கால்ல நொண்டினீங்களேம்மா" என்றார். "இடம் மாறிடுச்சு டாக்டர்" என்றேன். குறட்டையைச் சொன்னபோது கண்ணாடியை இறக்கிவிட்டு, "நீங்க குறட்டை விடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் தூக்கமே இல்லாம தவிக்கிறாரு, பாவம்" என்றேன். அப்போது அவர்மேல் எனக்கே இரக்கம் வந்தது.

இத்தனைக்கும் கடையில் நான் கறார் பேர்வழி. ஒரு சட்டைக்குள் இன்னொரு சட்டையை மடித்து வைத்து ஒரு சீட்டில் வெளுத்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. கையில் வாங்கியதுமே கனம் சொல்லிவிடும். "உள்ள ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனிச் சீட்டு" என்பேன். அவர்கள் அசடு வழிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதே வாரத்தில் வீட்டையே மடித்து எனக்குள் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவேன்.

என்னுடையது என்று சொன்னேனே, அது மூன்று மாதமாக இருக்கிறது. வெளுத்த துணியைக் கொக்கிக் கழியால் மேல் கம்பியில் மாட்டும்போது, வீட்டு மாடிப்படியில் இரண்டாவது திருப்பத்தில், நெஞ்சின் நடுவில் யாரோ ஈரப் போர்வையைப் பிழிவதுபோல் இறுகும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். அதற்காகவே இரண்டு முறை இங்கே வந்தேன். முதல் முறை நாத்தனாரின் முழங்கால் நேரத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவது முறை நேரம் இருந்தது. கதவுப்பிடியில் கை வைத்திருந்தேன். "வேற ஏதாவது உண்டா?" என்று டாக்டரே கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். பயம் என்று முதலில் நினைத்தேன். பயம் கொஞ்சம்தான். கூச்சம்தான் அதிகம். பிறர் நோயைச் சொல்லும்போது எனக்கு வாய் நீளும். எனக்கே எனக்கென்று ஒன்றைச் சொல்லப்போனால், விருந்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதுபோல் இருக்கிறது.

போன மாதம் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார். அவரோடு சுவரில் ஒரு கட்டணப் பலகையும் வந்திருந்தது. அதன் கீழே எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டு மாத்த வந்தேன்" என்றார் விரலில் கட்டுப் போட்டிருந்த தச்சர். "பாக்கறதுக்கு ஒரு பணம், துணிக்கு ஒரு பணம். பேசாம விரலை வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கலாம்."

"குழந்தைக்குப் பாதிதான்" என்றாள் மடியில் பிள்ளையை வைத்திருந்தவள்.

"புதுசா வந்தவன்னு என்கிட்ட கூடுதலா கேக்கறாங்கம்மா" என்றார் தலை முழுக்க நரைத்த ஒருவர். "என்னைப் பாத்தா புதுசு மாதிரியா இருக்கு?"

கவுண்டரிலிருந்த பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு தொகை சொன்னாள். வழக்கமாகத் தருவதைப்போல் இரண்டு மடங்கு.

"தப்பா பாத்துட்டீங்களோ?" என்றேன். "நான் எப்பவும் வர்றவதான்."

"தப்பில்லக்கா. பழைய டாக்டர் எல்லார்கிட்டயும் ஒரே பணம் வாங்கினாரு. இவங்க நேரத்துக்குத்தான் பணம். சாதாரணமா பாக்கறது பத்து நிமிஷம். புதுசா வந்தா ஃபைல் திறக்கணும், அதுக்குக் கூடுதல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் கூடுதல். நாள்பட்ட நோய் மூணுக்கு மேல இருந்தா பத்து நிமிஷம் பத்தாது, இருபது நிமிஷம்." திரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். "உங்களுக்கு ஏழு இருக்கு."

"ஏழா?"

"ஏழு. இந்தக் கிளினிக்லயே நீங்கதான் அதிகம்க்கா." குரலில் லேசாக மரியாதைகூட இருந்தது.

காசு காசாகச் சேமித்துச் சேமித்துக் கடைசியில் அந்தக் கிளினிக்கின் விலை உயர்ந்த நோயாளியாகியிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவளே வழி சொன்னாள். "இன்னிக்கு ஒரே ஒரு தொந்தரவு மட்டும் காட்டறதா இருந்தா சாதாரணக் கட்டணம்தான். எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வாயைத் திறந்தேன். "முழங்கால்" என்றேன்.

என்னிடம் கேட்காமலே அது வந்துவிட்டது. அவள் அதைக் கணினியில் தட்டிக்கொண்டாள். நான் திரும்பி நான்கு அடி நன்றாக நடந்தேன். பிறகு நினைவு வந்து நொண்ட ஆரம்பித்தேன். எதிரே கண்ணாடிக் கதவில் ஒருத்தி தெரிந்தாள். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட உடை, தோளில் பை. யாரும் பார்க்காதபோதும் யாருடைய காலுக்காகவோ நொண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் இடத்தில் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. திரும்பிப் போனேன்.

"மாத்தி எழுதிக்கம்மா. முழங்கால் இல்ல. நெஞ்சு."

புது டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். திரையைப் பார்த்தபடியே, "நெஞ்செரிச்சல்தானே? ஒன்பது வருஷமா இருக்கே" என்றார். "ஒரு வேளை மாத்திரையை ரெண்டு வேளையா மாத்திப் பாக்கலாம்." கை எழுதவே ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. என் நெஞ்சு பிழியும், மாத்திரையை என் கணவர் இரண்டு வேளை சாப்பிடுவார்.

"டாக்டர், அது என்னோடது இல்ல."

"எது?"

"அந்த நெஞ்செரிச்சல். எங்க வீட்டுக்காரரோடது."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க ஃபைல்ல எப்படி வந்துச்சு?"

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

"குறட்டை?"

"அவரோடதுதான்."

"முழங்கால் வலி?"

"நாத்தனாரோடது."

"ரெண்டு முழங்காலுமா?"

"ரெண்டும் அவளோடதுதான் டாக்டர். சத்தியமா."

"ஏப்பம், தோள்வலி, கால் ஆணி?"

"அவரு, அவ, அவரு."

"தூக்கமின்மை?"

கொஞ்சம் யோசித்தேன். "அது என்னோடது. அந்தக் குறட்டையால வந்தது."

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒன்பது வருஷத்தில் எனக்கென்று மிஞ்சியவை ஒரு தீக்காயமும் தூக்கமின்மையும்தான்.

"நீங்க இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடறீங்கன்னு நம்பி நான் வேற எதையாவது குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். "சரி, இப்ப உங்களோடதைச் சொல்லுங்க."

சொன்னேன். கழி, மேல் கம்பி, இரண்டாவது திருப்பம், ஈரப் போர்வை. அவர் இடையில் புகவே இல்லை. பக்கத்து அறையில் படுக்க வைத்து நெஞ்சில் கம்பிகள் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள்.

"இதுல பெருசா ஒண்ணும் தெரியல" என்றார். "அதுக்காக இதை விட்டுட முடியாது. இந்த வாரத்துக்குள்ள இதய டாக்டரைப் பாக்கணும், நானே பேசி நேரம் வாங்கித் தர்றேன். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. வியாழக்கிழமை என்கிட்ட வாங்க. அதுவரைக்கும் பாரம் தூக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே அந்த வலி வந்தா, இல்ல நின்ன பிறகும் போகலைன்னா, இங்க வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கவுண்டரில் பழையபடி இரண்டு மடங்கு, ஈசிஜிக்குத் தனி.

"இப்பத்தான் என் ஃபைல் சுத்தமாயிடுச்சே" என்றேன்.

"ஆயிடுச்சுக்கா. ஆனா உள்ள இருபது நிமிஷம் இருந்தீங்க. அதுல பாதி அடிக்கறதுக்கே போயிருக்கு."

கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் கடையிலும் அப்படித்தான், பழைய கறைக்குக் கூலி அதிகம்.

வீட்டில் சொன்னபோது கணவர் முகம் வெளுத்தது. "மூணு மாசமாவா? ஏன் சொல்லல?"

"நேரம் கிடைக்கல" என்றேன். அதைவிட உண்மையான, அதைவிட அசட்டுத்தனமான பதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அவரே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். நாத்தனார் கீழ் வீட்டிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, என்னைப் படியிறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு வலிப்பது உண்மைதான். அது எனக்கு எப்போதும் தெரியும்.

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது கணவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "தனியா விடமாட்டேன், நானும் வர்றேன்." எனக்கு மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. அப்போது நாத்தனார் வாசலில் நின்று ஒரு சின்னக் காகிதத்தை என் பைக்குள் செருகினாள்.

"அண்ணி, முழங்கால் ஒண்ணு மட்டும்தான். வாயைத் திறந்து ஒரு நிமிஷம்."

"அதான் நமக்கு நேரம் வாங்கியாச்சே" என்றார் கணவர். "அப்படியே என் குறட்டையையும் ஒரு வார்த்தை. உன் ஃபைல்ல வேணாம், சும்மா பேச்சுவாக்குல."

பையைத் திறந்து காகிதத்தை எடுத்தேன். மடிப்பை நீவி, அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"கவுண்டர்ல அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு பேரும் தனித்தனியா நேரம் வாங்கிக்கங்க" என்றேன். "ஆறு மணிக்கு மேல கூடுதல். காலையிலேயே போங்க."

"அட, இத்தனை நாள் நீதானே..." என்று இழுத்தார்.

"இல்லங்க" என்றேன். பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் மெதுவாக இறங்க ஆரம்பித்தேன்.