எண்ணிக்கையை உரக்கச் சொன்னவர்

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி சுரேந்தருக்கு வீட்டுச் சொந்தக்காரி கௌரம்மா காபி கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனை வெளிநாட்டு ஜெயிலில் மறந்துவிட்ட ஆளுக்கு என்ன காபி வேண்டிக்கிடக்கிறது? ஆனால் மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் கட்டடத்துக்கே போன் அவள் வீட்டில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் கிரிஸ் மைசூரில் கணக்கு வாத்தியார். தேர்தல் வந்தால் பூத் டியூட்டிக்குப் போய்விடுவார். ஓட்டுப்பதிவு முடிந்ததும் கட்சி ஏஜென்ட்டுகளைக் கூப்பிட்டு, மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை அனுப்புவார். நம் ஊரில் அதுதான் முறை. அப்புறம் சம்பளத்துக்காக ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அந்த நாட்டின் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரிகிறது. அங்கே தேர்தல் வந்தபோது ஆள் போதவில்லை என்று இவரையும் பூத்தில் உட்காரவைத்தார்கள். மனுஷன் பழக்கதோஷத்தில் அங்கேயும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் அறிவிப்பில், அதிபருக்கு மட்டுமே அந்தப் பூத்தில் இவர் சொன்ன மொத்தத்தைப்போல் இரண்டு மடங்கு ஓட்டு! எதிர்க்கட்சி கூச்சல் போட்டது. இவரையும், இவர் சொன்னதை ஊருக்குச் சொன்ன ஏஜென்ட் பையன்கள் இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

டெல்லி என்ன செய்தது? நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருவதாகச் சொன்னது. கவனித்துக் கவனித்தே மழைக்காலம் போய்விட்டது.

"சிம்பிள் மேடம்," என்றார் சுரேந்தர். "இப்ப ஜெயில்லேர்ந்து போன் வரும். தப்பா எண்ணிட்டேன்னு உங்க ஹஸ்பெண்ட் எழுதிக் குடுத்தா அடுத்த ஃப்ளைட்ல ஏத்திடுவாங்க. எங்க பேச்சை அவர் கேக்கலை. நீங்க சொல்லுங்க."

"அவர் எண்ணினது தப்பா சார்?"

"அதுவா இப்ப முக்கியம்? புது கவர்ன்மென்ட்டுக்கு நாங்க வாழ்த்து அனுப்பணும். நம்ம ஆளே திருட்டு ஓட்டுன்னு சாட்சி சொல்லிட்டிருந்தா எப்படி அனுப்பறது?"

"ஓ, வாழ்த்து லேட்டாகுதுன்னுதான் மைசூருக்கு வழி தெரிஞ்சுதா?"

அவர் காபியை ஆற்றினார். அந்த டம்ளரைத் தட்டிவிடலாம் போலிருந்தது. அதற்குள் போன் அடித்தது.

"புஷ்பம்," என்றார் கிரிஸ். குரல் பாதியாகப் போயிருந்தது.

"தப்பா எண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க," என்று அழுதேன்.

"அப்படி எழுதினா இந்தப் பசங்கதான் புளுகினாங்கன்னு ஆயிடும். இவங்களைச் சுட்டுடுவாங்க. எங்கூடதான் இருக்கானுங்க, சின்னப் பசங்க. அவங்களையும் விடுவாங்களான்னு கேளு."

கேட்டேன்.

"அவங்க நம்ம சிட்டிசன்ஸ் இல்லையே மேடம்," என்றார் சுரேந்தர்.

அந்த மூஞ்சியில் காறித் துப்பத் தோன்றியது. போனில் கிரிஸ், "என்ன சொல்றார்? நீயே சொல்லு புஷ்பம். நீ சொல்றபடி செய்யறேன்," என்றார். அவர் மேலும் ஆத்திரம் வந்தது. எண்ணிக்கையை ஊருக்கே உரக்கச் சொன்னவர், இதை மட்டும் என் தலையில் கட்டுகிறார்.

"அவங்க நம்ம ஆளுங்க இல்லீங்க," என்றேன். "எழுதிக் குடுத்துட்டு வாங்க."

அவர் பக்கத்தில் யாரோ ஒரு பையன் இருமுவது மட்டும் கேட்டது. பிறகு, "சரி," என்று வைத்துவிட்டார்.

சுரேந்தர் எழுந்து நின்று கைகூப்பினார். வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த ஆள் என்னை மரியாதையோடு பார்த்தார்.